சப்ளையில்தான் கோளாறு

"எத்தனை சார்ஜருங்ண்ணா ஓட்டப் போறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, வந்திருக்க வேண்டும், என்னிடம் இருப்பது இரண்டு சார்ஜர், இரண்டு என்று சொல்லியிருந்தால் முடிந்தது, ஆனால் அவள் ஓட்டறீங்க என்று கேட்கவில்லை, ஓட்டப் போறீங்க என்று கேட்டாள், போறீங்க என்றால் இனிமேல், அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், அந்த ஒரு சொல்லில் கால் தடுக்கி நின்றுவிட்டேன். மேஜைமேல் மூன்று பவர் சப்ளைகளை வரிசையாக வைத்திருந்தாள். நூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாத கடை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள், ஈயம் உருகின வாசனை, மதியச் சாப்பாட்டு நேரம் என்பதால் வேறு ஆளில்லை. பக்கத்துக் கடைக்காரர் சற்று முன் எட்டிப் பார்த்து "தமயந்தி, சில்லறை இருக்குதா" என்று கேட்டுவிட்டுப் போனார், அதனால் பெயர் தமயந்தி என்று தெரியும், நாற்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தாள். வாசலில் நுழைந்ததுமே விமானத்துக்கு என்று சொல்லியிருந்தேன், அவள் சிரிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை விடறவங்க நிறைய பேர் வருவாங்க என்றாள். வசந்தாமணி என்றால் பொம்மை பிளேன் என்பாள், முப்பது வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிறவள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. விமானத்துக்குப் பேட்டரி, பேட்டரிக்குச் சார்ஜர், சார்ஜரை நேராகச் சுவர் பிளக்கில் சொருக முடியாது, வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாக்கித் தர நடுவில் பவர் சப்ளை என்று ஒரு பெட்டி வேண்டும், அந்தப் பெட்டி வாங்கத்தான் வந்திருக்கிறேன், வேறு எதற்கும் இல்லை. பழைய பெட்டி என் ரெக்சின் பையில் தோளில் தொங்குகிறது. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கிறது.

அந்தப் பழைய பெட்டிதான் எல்லாவற்றுக்கும் காரணம், பிரிட்டோ அப்படித்தான் சொன்னான். பிரிட்டோ ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறவன், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன், பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணத்துக்கடவு தாண்டி வறண்டு கிடக்கும் குளத்தில் என்னோடு விமானம் விடுகிறவன். போன ஞாயிறு காற்றே இல்லை. மேலே இரண்டு வட்டம் நன்றாகத்தான் சுற்றியது, இறக்கும்போது, தரையிலிருந்து ஒரு ஆள் உயரம், ரிமோட் குச்சியின்மேல் என் வலது கட்டைவிரல் இருந்தது, இருந்தது என்றுதான் சொல்ல முடியும், நான் எதுவும் செய்யவில்லை, அது தானாக ஒரு துடி துடித்தது, மீன் தூண்டிலில் கொத்துவதுபோல, விமானம் அப்படியே இடப்பக்கம் சாய்ந்து பிரிட்டோ நின்ற திசைக்குத் திரும்பியது. அவன் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததால் தப்பித்தான். விமானத்தின் மூக்கில் அந்த விசிறி சுற்றுகிற வேகத்துக்கு விரல் பட்டால் விரல் போகும், கண்ணில் பட்டால், அதற்குமேல் நினைக்க வேண்டாம், ஆனால் நினைப்பு அங்கேதான் போய் நிற்கிறது, வாரம் முழுக்க அங்கேதான் நிற்கிறது, அவனுடைய தலை முன்பு இருந்த இடத்தில் வெறும் காற்று, அந்தக் காற்றை அறுத்துக்கொண்டு போகிற சத்தம். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே அவன் சிரித்தான். "பேட்டரி ஃபுல்லாயிருக்காதுங்ண்ணா. உங்க சப்ளை பழசு, சார்ஜருக்குக் கரண்ட் பத்தறதில்ல. நடுவுல வோல்டேஜ் எறங்கிச் சிக்னல் கட்டாயிருக்கும். நல்லதா ஒண்ணு வாங்குங்க." நான் "ஆமாமா, சப்ளைதான்" என்றேன். எவ்வளவு வேகமாகச் சொன்னேன். சப்ளை பத்தாவிட்டால் சார்ஜர் மெதுவாக ஏற்றும், இல்லையென்றால் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோகும், அரைப் பேட்டரியை முழுப் பேட்டரி என்று பொய் சொல்லாது, இது எனக்குத் தெரியும், பிரிட்டோவுக்கே இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான், அவன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை குளிக்கும்போது சப்ளையில்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டேன், செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் சொல்லிக்கொண்டேன், சொல்லச் சொல்ல அது ஒரு மாதிரி உண்மையாகிக்கொண்டு வந்தது.

"ரெண்டுதானுங்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு முதல் பெட்டியைத் தட்டினாள், ஓட்டை போட்ட தகரப் பெட்டி, விளக்குப் பலகைகளுக்கு மாட்டுவார்களே அது, விலை குறைவு, ஆனால் முனைகளெல்லாம் வெளியே தெரிகிறது, கை பட்டால் அடிக்கும். கை பட்டால். இரண்டாவது ஏதோ கம்பெனியின் சர்வரிலிருந்து கழற்றியது, செங்கல்போல நீளம், எத்தனை சார்ஜர் போட்டாலும் தாங்கும், சுவிட்சைப் போட்டாள், விசிறி வீறிட்டது, இதை வீட்டில் ஓட்டினால் வசந்தாமணி என்னையும் இதையும் சேர்த்து மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுவாள். மூன்றாவது இருபத்து நாலு வோல்ட், கனம், சத்தமே இல்லை. "வோல்ட் ஜாஸ்தின்னா ஆம்பியர் பாதி போதுமுங்ண்ணா, ஒயர் சுடாது, பின்னாடி பெரிய பேட்டரி வாங்கினாலும் இதே ஓடும்" என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள். நானும் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கு, வீணாகும் சூட்டைக் கழி, தேவைக்கு மேலே கால் பங்கு கூட்டு, கணக்கு ஓடுகிறவரை பயம் கிட்டே வராது, எண்களுக்கு நடுவே அது நுழைய இடமில்லை, நான் வேலை பார்க்கும் பேக்டரியிலும் அப்படித்தான். ஆனால் கணக்கு முடிகிற இடத்தில் ஒரு கேள்வி கால் நீட்டிப் படுத்திருந்தது, தேவை எவ்வளவு. பின் அறையில் ஒரு பெரிய விமானம் பால்சா மரத்தில் பாதி எழும்பிக் கிடக்கிறது, இறக்கையே என் உயரத்துக்கு மேல், அதற்குப் பெரிய பேட்டரிதான் வேண்டும், அது முடிய இன்னும் இரண்டு வருஷம் ஆகலாம், பால்சாவை அறுக்கும் பிளேடு உள்ளங்கை நீளம்தான், மெல்லிய கோட்டின்மேல் இழுக்க வேண்டும், தீபாவளியிலிருந்து அந்த அறைக்குள் போனால் தூசு தட்டிவிட்டு வந்துவிடுகிறேன், வேலை அதிகம் என்று வசந்தாமணியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்து நாலு வோல்ட் வாங்கினால் அந்த விமானம் பறக்கும் என்று அர்த்தம், பன்னிரண்டு வாங்கினால் பறக்காது என்று அர்த்தம், இந்தப் பெண்ணுக்கு அது தெரியாது, அவள் பாட்டுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் தயிர் சோறு போட்டுக்கொண்டு மூடினாள்.

பேக்டரியில் கிருஷ்ணசாமி என்று ஒருவர் இருந்தார், லேத் மெஷினில், நான் சேர்ந்த புதிதில். பம்ப் செட் செய்கிற கம்பெனி, அவர் கடைகிற ஷாஃப்டை நான் மைக்ரோமீட்டரில் அளந்து தேறியது தேறாதது என்று பிரிக்க வேண்டும், அவர் ஷாஃப்ட் தேறாமல் போனதே இல்லை. பிறகு போக ஆரம்பித்தது. முதலில் ஒன்று, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான், யாரும் திட்டவில்லை, எல்லாரும் ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள், கேன்டீனில் அவருடைய டீயை வேறு யாராவது தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள், ஒருநாள் பார்த்தால் அவர் கேட்டில் உட்கார்ந்திருந்தார், காக்கிச் சட்டை போட்டு, உள்ளே வரும் லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டு. அந்தக் கை காட்டும்போது ஆடியது, லாரி டிரைவர்கள் வா என்கிறாரா நில் என்கிறாரா என்று புரியாமல் விழித்தார்கள். இப்போது மைக்ரோமீட்டரைப் பிடிக்கும்போது முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்கிறேன். ஊன்றினால் சரியாக இருக்கிறது. சட்டைப் பொத்தானுக்கும் சாவித் துவாரத்துக்கும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். கையெழுத்து மாறிவிட்டது என்று பேங்கில் ஒரு பெண் சொன்னபோது பேனா சரியில்லை என்றேன், பேனா சரியில்லை, சப்ளை சரியில்லை, வேலை அதிகம், எனக்கு இத்தனை பொய் வரும் என்று ஐம்பத்து நாலு வயதுவரை தெரியாது. போனில் தேடிப் பார்த்தேன், ஒரு வார்த்தை வந்தது, அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, அது வியாதியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சிலருக்கு வெறும் நடுக்கம் மட்டும் வருமாம், அது ஆளைக் கொல்லாதாம், கையை மட்டும் எடுத்துக்கொள்ளுமாம், மட்டும். டாக்டரிடம் போனால் தெரிந்துவிடும். போகாதவரை இரண்டும் இருக்கிறது, போனால் ஒன்றுதான் இருக்கும்.

"பையில என்னங்ண்ணா, பழசுங்களா?" தமயந்தி தோள்பையைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம் என்று எடுத்து வைத்தேன். எதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை, மாற்றிக் கொடுத்தால் விலை குறைப்பார்கள் என்று காலையில் கிளம்பும்போது நினைத்த மாதிரி இருக்கிறது. "இதுல என்ன கம்ப்ளைண்டு?" என்றாள். "கரண்ட் பத்தறதில்லைங்." "டெஸ்ட் பண்ணீங்களா?" இல்லை என்று தலையாட்டினேன், வீட்டில் மீட்டர் இருக்கிறது, இரண்டு மீட்டர், வாரம் முழுக்க அலமாரியில்தான் இருந்தது. "ஒரு தடவை லோடு போட்டுப் பாத்துரலாமுங், சும்மா எதுக்குப் புதுசு வாங்கறீங்க" என்று அவள் எழுந்துவிட்டாள், வேண்டாம் என்று சொல்லப்போனேன், என்ன காரணம் சொல்லி வேண்டாம் என்பது, அதற்குள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பலகையை இழுத்துப் போட்டாள், அதில் நாலு கார் ஹெட்லைட் பல்புகள் வரிசையாக இருந்தன, பழைய பெட்டியை அதோடு இணைத்து சுவிட்சைப் போட்டதும் நாலும் பளீரென்று எரிந்தன, கடை முழுக்க மஞ்சள் வெளிச்சம், என் முகத்தில் சூடு அடித்தது. "இதைப் புடிங்ண்ணா, ரெண்டு முனையிலயும் வைங்க, நான் ஃபேன் ஓடுதான்னு பாக்கறேன்" என்று மீட்டரின் இரண்டு ஊசிகளை நீட்டினாள். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்க வேண்டியிருந்தது. இடது கையில் கறுப்பு, வலது கையில் சிவப்பு. திருகாணியின் தலையில் சிவப்பு ஊசியை வைத்தேன். மீட்டரில் பன்னிரண்டு வந்தது, உடனே பூஜ்யம், திரும்பப் பன்னிரண்டு, ஏழு, பூஜ்யம், பன்னிரண்டு, எண்கள் குதித்தன. எனக்குள் ஏதோ எழும்பியது, சந்தோஷம்தான், வெட்கமில்லாத சந்தோஷம், கோளாறு இருக்கிறது, சப்ளையில்தான் கோளாறு, பிரிட்டோ சொன்னது சரி, வோல்டேஜ் இறங்குகிறது, ஏறுகிறது, என் விரல் துடிக்கவே இல்லை, நானாக நினைத்துக்கொண்டேன், வாரம் முழுக்க வீணாகச் செத்தேன். "பாருங், ஆடுது பாருங்" என்றேன், என் குரல் எனக்கே சின்னப் பையன் குரல்போலக் கேட்டது. அவள் திரும்பி மீட்டரைப் பார்த்தாள். பிறகு பல்புகளைப் பார்த்தாள், பல்புகள் நாலும் ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன. அதன் பிறகு என் கையைப் பார்த்தாள். திருகாணித் தலையில் சிவப்பு ஊசி டிக் டிக் டிக் டிக் என்று சன்னமாகத் தட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் முன்னாலேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் இப்போது கேட்டது. "குடுங்ண்ணா" என்று சொல்லி ஊசிகளை என் விரலிலிருந்து வாங்கிக்கொண்டாள், பிடுங்கவில்லை, தூங்கும் குழந்தையின் கையிலிருந்து எதையோ எடுப்பதுபோல எடுத்தாள், அவளே வைத்துப் பிடித்தாள். பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் நாலு. நின்றது. எவ்வளவு நேரம் பிடித்தாளோ அவ்வளவு நேரமும் நின்றது.

"இன்னொரு வாட்டி" என்றேன். அவள் அணைத்துவிட்டு மறுபடி போட்டாள், இன்னொரு பல்பைக்கூடச் சேர்த்து மாட்டினாள், அதே எண். மூன்றாம் தரம் கேட்க வாய் வரவில்லை. பல்புகளை அணைத்ததும் கடை இருண்டுவிட்டது, மத்தியானம்தான், ஆனாலும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, பச்சையாக ஐந்து வட்டம் மட்டும் மிதந்தது. அந்த இருட்டில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், அவள் முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. "சப்ளை இல்லீங். கைங்." அவள் பல்புப் பலகையைக் காலால் தள்ளி உள்ளே விட்டாள். சரியாகிவிடும் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன், சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும், என் மாமாவுக்கும் இப்படித்தான் என்று ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன், அதையும் சொல்லவில்லை. "டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "வீட்டுல?" இல்லை என்றேன். அவள் பழைய பெட்டியின் ஒயர்களைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போட்டாள். எனக்குத் திடீரென்று அந்த இருபத்து நாலு வோல்ட் வேண்டும் என்று தோன்றியது, வெறி மாதிரி, எதையாவது வாங்காமல் வெளியே போனால் அந்த வாசலில் என்ன காத்திருக்கிறதோ அது என்னைப் பிடித்துக்கொள்ளும். "பரவால்லீங், அந்தப் பெரிசைப் போட்டுருங்க" என்றேன். "இது நல்லாத்தானுங்ண்ணா இருக்குது. இன்னும் பத்து வருஷம் ஓடும்." "பின்னாடி வேணுமில்லீங்களா." "வேணுங்கறப்ப வாங்க. இதேதான் இருக்கும், இல்லாட்டி வரவழைச்சுத் தாரேன்." "இல்லீங், இப்பவே" என்று நான் சொன்னபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் அவருக்கு ஒன்றுமில்லை என்று கை காட்டினாள். பிறகு இருபத்து நாலு வோல்ட்டை எடுத்து அதன் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மேல் தட்டில் ஏற்றினாள், நின்று, சரியாக உள்ளே தள்ளி. விற்று வாழ்கிறவள், மத்தியானத்தில் வந்த ஒரே ஆள் நான்தான். "இன்னைக்கு வேண்டாமுங்ண்ணா" என்றாள்.

வெளியே வந்து சந்தின் முனையில், கண்ணாடி ஷோ ரூம் ஒன்றின் நிழலில் நின்றேன். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது, பஸ்களில் ஆட்கள் ஓடி ஏறினார்கள், எல்லாருக்கும் கை இருந்தது, கம்பியைப் பிடித்தார்கள், சில்லறை எண்ணினார்கள், ஒருத்தி ஓடும்போதே தலைமுடியை அள்ளி முடிந்தாள், எத்தனை விரல்கள் எத்தனை காரியத்தை யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருக்கின்றன. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிரிட்டோ வண்டியோடு வாசலில் வந்து ஹாரன் அடிப்பான், சப்ளை வாங்கினீங்களாண்ணா என்பான், வாங்கியாச்சு என்று சொல்லிவிட்டால் போதும், அவன் நம்புவான், குளத்தில் என் பக்கத்திலேயே நிற்பான், அவன் எப்போதும் என் இடப்பக்கம்தான் நிற்பான். இந்த இடத்தில் நினைப்பு நின்றுவிட்டது. சுற்றவில்லை, நழுவவில்லை, மூக்கு குத்தி நின்றது. போனை எடுத்து வசந்தாமணியைக் கூப்பிட்டேன்.

"எங்கிருக்கறீங்க? சாப்புட்டீங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவுகிறாள்போல. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, "என்ற கை" என்றேன், அதற்குமேல் வரவில்லை, "வலது கை வந்து" என்றேன் மறுபடியும். குழாய் நின்றது. "ஆடுது" என்று அவளே சொன்னாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேனா என்னவோ. "ஆடி மாசத்திலிருந்து உங்க டம்ளர்ல முக்கால்தான் காப்பி ஊத்தறேன். ரொப்பி ஊத்துனா நீங்க பிடிக்க மாட்டாம வெச்சுட்டு ஆறட்டும்பீங்க. ஆறிப்போனதைக் குடிப்பீங்க. பாக்க முடியாமத்தான் கொறச்சு ஊத்தறேன்." நான் கவனித்ததே இல்லை. அளக்கிறதுதான் என் பிழைப்பு, தினமும் காலையும் மாலையும் கையில் வாங்கிய டம்ளரைக் கவனித்ததே இல்லை. "கேக்கறதுதான" என்றேன். "நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். நானாக் கேட்டா இல்லைன்னு சொல்லிருவீங்க. ஒரு தடவை இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா அப்புறம் உங்களால மாத்திச் சொல்ல முடியாது, எனக்குத் தெரியாதா" என்றாள், சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினாள். டாக்டர் பெயர்கூட விசாரித்து வைத்திருக்கிறாளாம், நரம்பு டாக்டர், இங்கே டவுனுக்குள்ளேயே ராமநாதபுரத்தில், சனிக்கிழமை சாயங்காலமும் பார்ப்பாராம். "அது என்னவா இருந்தாலும்" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. நாளைக்குக் குளத்துக்குப் போகவில்லை என்று சொன்னேன், பிரிட்டோவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "உம்" என்றாள். அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டது. போன் என் காதின் விளிம்பில் மெல்ல மெல்ல இடித்துக்கொண்டே இருந்தது, அவளுக்கும் அது கேட்டிருக்கும், நான் கையை மாற்றவில்லை.